கியூபுக்குப் போட்ட தனிக் கலவை

என்னை சைட் இன்சார்ஜ் ஆக்கியது கியூப்தான். தூணுக்குப் போடும் கான்கிரீட்டிலேயே கொஞ்சம் எடுத்துச் சின்ன இரும்புப் பெட்டிகளில் நிரப்புவோம். இறுகிய கட்டிதான் கியூப். அதை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டி எவ்வளவு தாங்குகிறதோ அதை வைத்துத்தான் தூணை நம்புவது. என் சைட் கியூப் மற்ற சைட்டுகளைவிட எப்போதும் கூடுதலாகத் தாங்கும். டிப்ளமோ படித்த பெண் வெயிலில் நிற்பாளா என்று கேட்ட மேனேஜரே அந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் பொறுப்பைக் கொடுத்தார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு குடோன் கட்டிக்கொண்டிருந்தோம். கடைசி நாலு தூணுக்குக் கான்கிரீட் போடும்போது, அதை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் நின்றுவிட்டது. வேறொன்று எடுத்துவர வேப்பூருக்குக் கிளம்பினேன். பாதி வழியில் போன் வந்தது, மெஷின் ஓடுகிறது என்று. திரும்பிவிட்டேன்.

மேஸ்திரி ஓரமாக ஒரு தகரத்தில் தனியாகக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டி சிமெண்ட் கூடுதலாகக் கொட்டினார். அதைத்தான் கியூப் பெட்டிகளில் நிரப்பினார். என்ன இது என்று கேட்டேன். மறைக்கவே இல்லை.

"கியூபுக்கும்மா. கொஞ்சம் கூடப் போட்டா லேபுல நல்லா நிக்கும்."

"எத்தினி நாளா நடக்குது?"

"நீ வந்ததுலேந்துதான். பொம்பளப் புள்ள வெயில்ல கெடந்து சாவுதே, நல்ல பேரு வரட்டும்னு. முன்ன இருந்த சாருக்கெல்லாம் நான் இத செஞ்சதில்ல."

வாய்க்கு வந்தபடி கத்தினேன். சித்தாள்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூணில் ஒரு குறையும் இல்லை, நான் போட்டது என்று மட்டும் மேஸ்திரி சொன்னார். அப்படியானால் இது எதற்கு என்று கேட்டேன். தகரத்தைக் கழுவப் போய்விட்டார்.

ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் இந்தத் தூண்கள்மேல் தளம் போட வேண்டும். அதன் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். வெளியே சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் எதை நம்பித் தளம் போடுவது? மறுநாள் காலையில் மேனேஜரிடம் சொன்னேன்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார் முதலில்.

பிறகு ஆள் வரவழைத்தார். சுத்தியல் மாதிரி ஒரு கருவியை ஒவ்வொரு தூணிலும் அழுத்தி எண்களைக் குறித்தார்கள். நாலு புதுத் தூண்களை மட்டும் இறுக நாள் ஆனபிறகு பார்த்தார்கள். எல்லாமே தேறிவிட்டன. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றார் மேனேஜர். தளம் போட்டோம். மேஸ்திரி அதற்கு வரவில்லை. பெண்ணாடத்தில் வீட்டு வேலை எடுத்துப் போய்விட்டார்.

தூண் சரி. அப்படியானால் கூடுதல் சிமெண்ட் இல்லாமலே என் கியூபும் தேறியிருக்கும், எல்லா சைட்டையும் போலத்தான். அப்போது என்னை எதைப் பார்த்து இன்சார்ஜ் ஆக்கியிருப்பார்கள்? மேனேஜர் அதைக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாதம் பெண்ணாடம் பஸ்ஸில் மேஸ்திரியைப் பார்த்தேன். அவரே எழுந்து வந்தார்.

"இப்ப யாரும்மா கியூப் நெரப்புறது?"

"நான்தான்."

எவ்வளவு தாங்குகிறது என்று கேட்டார். மற்ற சைட்டுகள் அளவுக்குத்தான் என்று சொன்னேன்.

"அது போதும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா, தெரியவில்லை. அந்த மனுஷன்மேல் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. எதற்கென்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.