ஒரு சும்மாடும் இருபத்து மூன்று குறைகளும்

பத்து நாளைக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, மரக்காணம் உப்பளத்தில் நின்றுகொண்டு ஒரு சும்மாட்டுக்காக நான் சண்டை போட்டேன்.

ஆமாங்க, சும்மாடுதான். பாரம் தூக்கும்போது தலைக்கும் கூடைக்கும் நடுவே சுருட்டி வைப்பார்களே, அதே துணி. என் வயசுக்கு இது தேவையா? தேவையில்லைதான். ஆனால் அந்தச் சும்மாட்டில் ஒரு முதுகலைப் பட்டம் மாட்டிக்கொண்டிருந்தது!

யாழினி என் அக்கா மகள். வடக்கே ஒரு ஊரில் எம்.டெஸ். கடைசி வருடம் படிக்கிறாள். "என் பொண்ணு டிசைன் படிக்கிறா" என்று அக்கா யாரிடமாவது வாய்விட்டால் போச்சு. மறுநாளே ஜாக்கெட் துணியோடு வந்து நிற்பார்கள். "கைக்கு நல்ல டிசைனாப் போட்டுக் குடும்மா." இது பொருள்களை வடிவமைக்கிற படிப்பு என்று அவளும் எத்தனை முறைதான் விளக்குவாள்? இப்போதெல்லாம் பேசாமல் இரண்டு மயில் வரைந்து கொடுத்துவிடுகிறாள்.

கடைசி ப்ராஜெக்ட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது உப்பளத்துப் பெண்களின் சும்மாடு. கீழ்புத்துப்பட்டில் என் வீட்டில் தங்கி, தினமும் என் ஸ்கூட்டரைப் பிடுங்கிக்கொண்டு மரக்காணம் போய்வந்தாள். ஈர உப்பைக் கூடையில் தூக்கும்போது தண்ணீர் சொட்டும். நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கும். காதுக்குப் பின்னால் புண்ணாகும். பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்துச் சமாளிக்கிறார்கள். அந்த வெயிலில் பைக்குள் தலை வெந்துபோகும்.

முதல் மாடல் வந்தது. ஆகாய நீலம், மெத்துமெத்தென்று ரப்பர், தண்ணீரைத் தடுக்க முன்னால் ஒரு விளிம்பு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு நானே மார்க்கெட் போகலாம் போலிருந்தது! பன்னிரண்டு பெண்களிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, படிவத்தை நீட்டினாள். அதில் அழுமூஞ்சியில் தொடங்கி முழுச் சிரிப்பு வரை ஐந்து முகங்கள். எது பொருந்துமோ அதைத் தொட்டுக் காட்டினால் போதும்.

பன்னிரண்டு பேரும் முழுச் சிரிப்பு! அதோடு விட்டார்களா? சும்மாட்டைக் கழுவி, காயவைத்து, செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பாட்டில் மோர்.

சாயங்காலம் வீடியோ காலில் அவளுடைய புரொஃபசர் படிவங்களைப் பார்த்தார். "உலகத்துல எந்தப் பொருளும் இவ்வளவு நல்லா இருக்காதேம்மா..." என்றார். யாழினிக்கு முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் போய்ச் செல்வி அக்காவைப் பிடித்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில் கொஞ்சம் வாய் உள்ளவர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர்தான். யாழினி கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்காவாகிவிட்டார்.

"அய்ய, அது தலையில நிக்கவே இல்லம்மா. வழுக்கினே இருந்துச்சு. நீ அந்தாண்ட போனதும் எடுத்து ஓரமா வச்சிட்டோம்."

"அப்புறம் ஏங்க்கா சிரிச்ச மூஞ்சியக் காட்டுனீங்க?"

"வெயில்ல அலைஞ்சு செஞ்சினு வந்திருக்குது பொண்ணு. மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லன்னு எப்டிம்மா சொல்றது?"

நம் ஊர் மரியாதை இருக்கிறதே... அதன் முன்னால் எந்தப் படிவமும் நிற்காது. விருந்துக்குப் போன வீட்டில் உப்பே போடாத சாம்பாரையும் "நல்லாருக்குதுங்க" என்றுதானே சாப்பிட்டுவிட்டு வருகிறோம்?

இரண்டாவது மாடலுக்கு ரப்பரைத் தூக்கிப் போட்டாள். பழைய காட்டன் புடவையை மடித்துத் தைத்து, ஓரத்தில் சைக்கிள் ட்யூபை வளைத்து, தண்ணீர் பின்பக்கமாக இறங்க ஒரு நீள வால். குயிலாப்பாளையத்து டெய்லர் ஒருவர் தைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு பீஸ். இந்த முறை படிவம் கிடையாது. செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று முதல் ஃபோன் ஓயவில்லை.

"ஏம்மா, உன் வாலு நீட்டமா இருக்குது, முதுகெல்லாம் தண்ணி." "காதாண்ட உரசுது." "குனிஞ்சா முன்னாடி வந்துடுது." இவள் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினாள். ஒரு வாரத்தில் இருபத்து மூன்று குறைகள். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். "எல்லாமே தப்பாம் சித்தி. நான் காலி."

நான் காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை இறுதி மதிப்பீடு. வெள்ளிக்கிழமை ரயில். செய்த பொருளை மேஜைமேல் வைக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும். இன்னொன்று தைக்கலாம் என்றால் டெய்லர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். சரி, குறையோ நிறையோ, இருப்பதை வாங்கி வருவோம் என்று வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் கிளம்பினோம்.

செல்வி அக்கா வரப்பில் கூடையோடு வந்துகொண்டிருந்தார். தலையில் அதே சும்மாடு. அதே சும்மாடா? வாலைப் பாதியாக வெட்டியிருந்தார். காதுப் பக்கம் குடைந்து, தாடைக்குக் கீழே கட்ட நாடா வைத்திருந்தார். யாரும் மாற்றி எடுத்துப் போகாமலிருக்க ஒரு சிவப்பு ரிப்பன் வேறு!

"அதக் குடுங்கக்கா, காலேஜுக்கு எடுத்துட்டுப் போகணும்," என்றாள் யாழினி.

"எதுக்குத் தரணும்? குடுத்துட்டு நான் எத்த வச்சுத் தூக்குறது?"

நான் குறுக்கே புகுந்தேன். "பத்து நாள்தான் அக்கா. திரும்ப வந்துடும்."

"பத்து நாளும் என் கண்ணு எரியும். இவங்க வாத்தியாரு வந்து ஊதி வுடுவாரா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ படிப்பு போயிடும், தெரியுமா? ஆறு மாசம்! நீங்கதானே இருபத்து மூணு குறை சொன்னீங்க? அப்புறம் எதுக்கு அது உங்களுக்கு?"

"குறை இருந்தா சொல்லத்தான் சொல்லுவேன். என்னுதாச்சே!"

பக்கத்தில் கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. திரும்பினேன். அழவேண்டிய யாழினி, ஃபோனைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் வீடியோ எடுக்கிறேன், இன்னொரு தடவை திட்டுங்க!"

செல்வி அக்காவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான்கு நிமிஷம் வெளுத்து வாங்கினார். கடைசிவரை சும்மாட்டைக் கழற்றவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வரை நான் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவழியாக அழைத்தாள். காலி மேஜைமேல் குறைகள் எழுதிய நோட்டை மட்டும் வைத்தாளாம். "பொருள் எங்கே?" என்று கேட்டார்கள். "அவங்க தரமாட்டேன்னுட்டாங்க" என்று வீடியோவைப் போட்டுக் காட்டினாளாம். பார்த்துவிட்டு, செல்வி அக்கா வாலை வெட்டியது ஏன், குடைந்தது ஏன் என்று முக்கால் மணி நேரம் குடைந்தெடுத்துவிட்டு...

பாஸ்! நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். சந்தோஷத்தை அடக்கிவைத்து என்ன செய்யப் போகிறேன்?

அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். மோர் கொடுத்துப் புகழ்ந்தவர்கள் பொருளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். வாய் ஓயாமல் குறை சொன்னவர் தரவே இல்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே? விட்டுப்போக முடியாதவர்களிடம்தானே மூச்சுவிடாமல் குறை சொல்கிறோம்?

செல்வி அக்காவைப் பற்றி எழுதிவிட்டு அவருக்குக் காட்டாமல் பத்திரிகைக்கு அனுப்பலாமா? இந்தப் பத்தியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேற்று மரக்காணம் போனேன். வாங்கி, நிதானமாகப் படித்தார். பிறகு நாலாக மடித்து, உப்புத் தண்ணீர் படாமல் பாலிதீன் பையில் போட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப நல்லாருக்குதும்மா... மோர் குடிக்கிறீங்களா?"