படங்கு வாசம்

குவைத்திலிருந்து அம்மா அனுப்பிய போனில் ஒரு கேம் வைத்திருந்தேன். அதில் நாம்தான் நாய். சண்டை கிடையாது, சாவு கிடையாது. யாரோ தொலைத்த பொருளை மோந்து பார்த்தால் தரையில் மஞ்சள் கோடு விழும். அது நேராக உரியவரிடம் கொண்டுபோய் விடும். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் விடாமல் விளையாடுவேன்.

தேயிலைக் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டும் படங்கை, குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது அம்மா எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீடான காம்பராவிலிருந்த அத்தையிடம் கொடுத்திருந்தாள். அதில் ஒட்டியிருந்த அம்மாவின் வாசத்தை நம்பி எங்கள் நாய் தினமும் அத்தை பின்னாலேயே மலைக்குப் போனது.

வருஷங்கள் கழித்து அம்மா அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்குத் திரும்பினாள். லயத்து வாசலிலேயே நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது.

“நான்தாண்டா” என்றாள். அது பல்லைக் காட்டியது.

மறுநாள் விடிந்ததும் படங்கைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்து மோந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் வால் நின்றுவிட்டது. மெதுவாக நடந்துபோய் அத்தை வாசலில் படுத்துக்கொண்டது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் அனுப்பிய போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.