கடன் வக்கீலுக்கு நான் படிச்ச படிப்பு

இதை எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். பிளஸ் டூவுல கோட்டடிச்சவன் எழுதி யாரு படிக்கப்போறா? ஆனா ரூம்ல எல்லாப் பயலும் என்னை "வக்கீலு"ன்னு கூப்பிடுறானுங்க. அந்தப் பட்டம் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்ல.

ஷார்ஜாவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ஆபீஸ் பாய் வேலை எனக்கு. பேங்க் கடன்ல மூழ்கி திவாலானவங்க கேஸ் மட்டும் பார்க்குற ஆபீஸ். மேடம் மலையாளி. ஊர்ல அஞ்சு வருஷம் சட்டம் படிச்சிட்டு, இங்க பத்து வருஷமா பேப்பர் எழுதுறாங்க. கோர்ட்டுல நின்னு பேசுறது இந்த ஊர் வக்கீல்தான், அரபியில. நான் மூணு வருஷமா டீ குடுத்துக்கிட்டே பாதி பாதியா கேட்டேன். அது போதும்னு நானே எனக்கு டிகிரி குடுத்துக்கிட்டேன்.

முதல் கட்சிக்காரன் என் ரூம்மேட். பரமக்குடிக்காரன், ஏசி மெக்கானிக். கம்பெனி மாறுன இடைவெளியில சம்பளம் இல்லாம, லோன் மூணு மாசம் கட்டல. தினம் பேங்க்ல இருந்து போன்.

"வக்கீலு, என்னடா பண்றது?"

"சிம்மை ஒடச்சுப் போடு. கலாஸ், முடிஞ்சது கதை."

எங்க லேபர் கேம்ப்ல எல்லாரும் பண்றதுதான். நான் அதைச் சட்டம் மாதிரி சொன்னேன், அவ்வளவுதான்.

அப்புறம் அவன் தங்கச்சி கல்யாணம் வந்துச்சு. அப்பா இல்ல, இவன்தான் முன்னாடி நிக்கணும். டிக்கெட் போட்டுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு போலீஸ் ஆப்ல பார்த்தா, டிராவல் பேன், நாட்டை விட்டுப் போகத் தடை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்.

அவனை மேடம்கிட்ட இழுத்துட்டுப் போனேன். பேங்குக்குப் போன் போட்டாங்க. தவணையைக் குறைச்சுத் தர்றோம், வந்து பேசுங்கன்னு பேங்க்காரன் அனுப்புன மெசேஜெல்லாம் ஒடஞ்ச சிம்முக்குப் போயிருக்கு. ஆளு ஓடிட்டான்னு நினைச்சு கேஸ் போட்டுட்டான்.

"சிம்மை உடைக்கச் சொன்னது யாரு?"

ரூம்மேட் என்னைப் பார்த்தான். நான் சீலிங்கைப் பார்த்தேன்.

"ஒரு வக்கீல், மேடம்."

"லைசன்ஸ் இருக்கா அவனுக்கு?"

"டீ டிரே இருக்கு, மேடம்."

மேடம் சிரிக்கல. ஒரு லெட்டர் எழுதி, சம்பளச் சீட்டோட நேரா பேங்க்ல போய் உட்காருன்னு அனுப்பினாங்க. தவணை குறைஞ்சுது, பேங்க்காரன் கேஸையும் வாபஸ் வாங்கினான். ஆனா தடை நீங்குச்சான்னு ஏர்போர்ட் கவுண்டர்ல நின்னாத்தான் உறுதின்னாங்க.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபிளைட். "இமிக்ரேஷன் என்னாச்சு?"ன்னு நாலு மெசேஜ் போட்டேன். டிக் நீலமாச்சு, பதில் இல்ல. அஞ்சாவதா, "டேய், என் தப்புதான், மன்னிச்சுக்கடா"ன்னு போட்டேன். அப்பதான் வந்துச்சு:

"எப்பவோ விட்டுட்டான்டா, நீ மன்னிப்புக் கேக்குறதைப் பாக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."