கிறிஸ்புலோவின் பெயரில் ஒரு பொட்டலம்

மானாங் டோராய், எங்கள் ஊர்ப் பேச்சில் டோராய் அக்கா, வெறுங்கையோடு வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, சாவு வீடோ, எங்கே போனாலும் அவள் கைப்பைக்குள் நாலைந்து பிளாஸ்டிக் பைகள் மடித்து இருக்கும். பந்தி முடிகிற நேரத்தில், வீட்டுக்காரியின் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு பையாக விரித்து, "இது முழங்கால் வலிக்காரி லூமெங்குக்கு, இது கைக்குழந்தைக்காரிக்கு" என்று வராதவர்கள் பேரைச் சொல்லிச் சொல்லி அள்ளுவாள். எங்கள் சான் ரொசெண்டோவில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. விருந்துக்குப் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறவளைத்தான் தெரு பேசும்.

முழங்கால் வலிக்காரி லூமெங் நான்தான்.

டோராய் பள்ளிக்கூட உணவகத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கேட்டு வந்தவன் எல்லாம் சமைக்கத் தெரியுமான்னுதான் கேட்டான். ஆடத் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்கலடி" என்பாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் பயமுறுத்தியதும், ஒரு ஒலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கடற்கரைத் திடலுக்குப் போய்த் தனியாக ஆட ஆரம்பித்தாள். மறுநாள் அவளைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே நாலு பேர் போனோம். அடுத்த வாரம் அந்த நாலு பேரும் அவள் பின்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தோம். இப்போது நாங்கள் அறுபது பேர்.

திடல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கல்சுவர், பதினோரு நாட்டு வாதுமை மரம், வளையம் தொங்கிப்போன ஒரு கூடைப்பந்துக் கம்பம், படியிறங்கினால் கடல். வாதம் வந்த கிழவர்கள் விடியலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அரசியல் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சோற்றுப் பானையோடு குடும்பம் குடும்பமாக வந்து மீன் சுடுவார்கள். உள்ளே போக யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டி வரும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

போன வருஷம் நகர மன்றம் திடலை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. எங்கள் நாலு தெருவுக்கும் மன்றத்தின் சார்பில் டோராய்தான் பொறுப்பாளி என்பதால், வீடு வீடாக ஏறி இறங்கி அழைத்தாள். கூட்டத்தில் பெரிய படம் காட்டினார்களாம். கண்ணாடிக் கடைகளாம், வெள்ளைக் குடைகளாம். படத்தில் நடந்து போனவர்களில் ஒருத்தருக்கும் எங்கள் மூக்கு இல்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

நான் போகவில்லை. அன்றைக்கு முழங்கால் வலிக்கவும் இல்லை. தொலைக்காட்சித் தொடரில் பிரிந்துபோன இரட்டைச் சகோதரிகள் சந்திக்கிற நாள் அது. அவர்கள் கட்டிப்பிடித்து அழுகிற நேரம் பார்த்து டோராய் போன் செய்தாள்.

"லூமெங், வரலையா? பன்சித் குடுக்கறாங்கடி. நூடுல்ஸ் மட்டுமில்ல, இறால் போட்டிருக்கு."

"கால் வலி, மானாங். என் பேரையும் போட்டு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்துடேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஒரு கையெழுத்துக்கு ஒரு பொட்டலம். எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குது."

"அப்படியே எங்க புலோ பேரையும் போட்டுடு. ரெண்டா வரும்."

"யாரு, உன் புருஷனா? செத்து மூணு வருஷம் ஆச்சேடி!"

"உயிரோட இருந்தா வராம இருப்பாரா? சோறு போடற கூட்டத்துக்கு அவர்தானே மொத ஆளு. படத்துக்கு முன்னாடி வெச்சுப் படைக்கிறேன். போடு, மானாங்."

அவள் சிரித்தாள். "படைச்சிட்டு நீதான் தின்னப் போறே. சரி, சரி."

படைத்தேன். தின்றேன். இறால் ஆறு இருந்தது.

அன்றைக்கு வராத நாற்பத்து மூன்று பேருக்காக டோராய் கையெழுத்துப் போட்டாள். நாற்பத்து மூன்று பொட்டலத்தையும் ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். அவள் கையெழுத்திட்ட தாளின் தலைப்பில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டு வரி இருந்திருக்கிறது. கண்ணாடி அவள் பையில்தான் இருந்தது, பிளாஸ்டிக் பைகளுக்கு அடியில். எடுத்துப் போட்டுப் படிக்கவில்லை. பன்சித் ஆறிவிடும் என்பதுதான் அவள் கவலை.

இரண்டு மாதம் கழித்துத் திடலில் பாதியைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கடலுக்கு இறங்கும் படிகள் அங்கே வரப்போகிற ஓட்டலில் தங்குபவர்களுக்காம். மற்றவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம். ஒலிப்பெட்டி வைக்க அனுமதிக் கடிதம் வேண்டுமாம். ஏன் என்று கேட்கப் போனவர்களிடம் மன்றத்தில் ஒரு பட்டியலை நீட்டினார்கள். அந்த இரண்டு வரி இதுதான்: கூட்டத்துக்கு வந்து, திட்டத்துக்குச் சம்மதித்தவர்கள்.

ஊரே கொதித்தது. கழுத்தளவு தண்ணீர்க் கிழவர்கள் கூடக் கரையேறி வந்தார்கள். எங்களுக்கும் கோபம் வந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது எங்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

பங்குச் சாமியார் ஒரு பெண் வக்கீலை அழைத்து வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. மிச்சமிருந்த வாதுமை மரங்களுக்கு அடியில் எல்லோரையும் உட்கார வைத்துப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"கிறிஸ்புலோ துமாரான் யாரு? அவர் வந்திருக்காரா?"

"என் புருஷன்" என்றேன்.

"எங்க இருக்காரு?"

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "கல்லறையில. மூணாவது வரிசை, வலப்பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் துள்ளிக் குதிக்காத குறை. "இது போதும்! செத்தவர் கையெழுத்துப் போட்ட பட்டியல் எங்கயும் நிக்காது. யார் போட்டது இதை?"

"நான்தான்" என்று டோராய் எழுந்து நின்றாள். "வராதவங்க பேர் எல்லாம் நான் போட்டதுதான்."

"அவங்க யாராவது உங்களைப் போடச் சொன்னாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொல்லித்தான் போட்டீங்கன்னா, அது சம்மதம்தான்னு மன்றத்துக்காரங்க வாதாடுவாங்க."

எல்லோரும் கடலைப் பார்த்தோம். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் கடலில் அப்படி என்ன தெரிந்ததோ.

மற்றவர்களுக்காவது கடற்கரைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டோம் என்ற சாக்கு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. செத்தவர் கையெழுத்து யார் சொல்லிப் போட்டாலும் செல்லாது. "அதை நான்தான் போடச் சொன்னேன்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடற்கரைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. எனக்கு மட்டும்தான் வந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும்.

பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தடவினாள். "பாவம்டி நீ. செத்த மனுஷனைக் கூட விடலையே அவ!" இன்னும் இரண்டு பேர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. புருஷனை இழந்தவள் அழ வேண்டிய மாதிரியே அழுதேன். டோராய் தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். வெட்கங்கெட்டவள், நான் அதையும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

வக்கீல் எல்லோருக்கும் ஒரு வாக்குமூலம் தயாரித்தாள். நான் கூட்டத்துக்குப் போகவில்லை, யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லவுமில்லை என்று அதில் இருந்தது. இந்த விவகாரத்தில் அதுவரை நானே என் கையால் போட்ட ஒரே கையெழுத்து அந்தப் பொய்யின் கீழேதான்.

மன்றத்தில் மறு கூட்டம் நடந்தது. கூடம் நிறைய ஆட்கள். டோராய் தேவாலயத்துக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். மன்ற உறுப்பினர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "நாப்பத்து மூணு பொட்டலமா, மானாங்? உங்க வயிறு அவ்வளவு பெருசாத் தெரியலையே!"

"வராதவங்களுக்கும் சாப்பாடு கொண்டு போறது எங்க வழக்கம், சார். யாரும் என்னைக் கேக்கல. நானாத்தான் போட்டேன்."

"செத்தவருக்குமா பசிச்சுது?"

கூடம் சிரித்தது. எங்கள் வரிசையும் சிரித்தது. நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். டோராய் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்.

"அவர் நல்லாச் சாப்பிடுவாரு சார்" என்றாள். "ஏதோ ஞாபகத்துல போட்டுட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பட்டியல் தள்ளுபடி ஆயிற்று. தகரத்தைப் பிரிக்க வேண்டும், மக்களை முதலிலிருந்து கேட்க வேண்டும் என்று முடிவானது. எழுந்து நின்று கைதட்டினோம். அதே மூச்சில் டோராயின் பொறுப்பைப் பறித்தார்கள். பொய்க் கையெழுத்துக்கு வழக்கு வரலாம் என்றும் சொன்னார்கள். அதற்கும் சிலர் கைதட்டினார்கள். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தபோது, வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கு ஒதுங்குவது வேறு மாதிரி இருக்கும்.

வாசலில் மறுபடியும் ஒரு மேசை, ஒரு தாள், பொட்டலங்கள். இந்த முறை யாரோ தலைப்பைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். டோராய் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. பாவம், வெறும் வயிற்றோடு போகிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதானே குடுப்பாங்க? எனக்கு எப்படி வாங்கினே?"

என் வாய் முந்திக்கொண்டது. "உன் பேரையும் நானே போட்டுட்டேன், மானாங்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போய் என் பேரை அடிச்சிட்டு வா, லூமெங்" என்றாள். "இதையும் எடுத்துட்டுப் போ."

ஓடினேன். முழங்கால் அன்றைக்கு நிஜமாகவே வலித்தது. எழுத்தர் தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பேரை அடிக்க வேண்டும், அது நான் போட்டது என்றேன். போன முறை என் புருஷன் பேரைப் போடச் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் பேனாவைக் கொடுத்துவிட்டு, "அதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கணும்" என்றார். கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஐந்தரைக்கு எல்லோரும் திடலில் நின்றார்கள். ஒரு பக்கம் தகரத்தைக் கழற்றுகிற சத்தம். டோராய் வரவில்லை. ஒலிப்பெட்டியை மட்டும் என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். "நீதானே அவளுக்கு நெருக்கம், நீ முன்னாடி நில்லு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

நான் பாட்டைப் போடாமல் அவர்கள் பக்கம் திரும்பினேன். "எங்க புலோ பேரைப் போடச் சொன்னது நான்தான்" என்றேன். "மானாங் செத்தவராச்சேன்னுதான் சொன்னா. நான்தான் விடல. என் பேரையும் நான்தான் போடச் சொன்னேன். உங்கள்ல யார் யாரெல்லாம் சொன்னீங்க?"

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு என் தோளைத் தடவினவள் சொன்னாள்: "பாட்டைப் போடு, லூமெங். வெயில் ஏறுது."

போட்டேன்.