மஞ்சளும் வெள்ளையும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேலக்கா என்று பெயர். அச்சாகி வந்த வரைபடம் எதுவானாலும் மேசையில் விரித்து, கைப்பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து அளந்து பார்க்காமல் வெளியே விடமாட்டார். நான் பக்கத்து மேசையில் கம்பி, சிமெண்ட், செங்கல் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள். அவர் வரைந்த சுவரை நம்பித்தான் என் செங்கல் கணக்கு. அவருடைய சுவர் ஒருமுறைகூட என் காலை வாரியதில்லை.

அவர் டைப் அடிக்கத்தான் இங்கே சேர்ந்தார். அப்போது படம் வரைந்துகொண்டிருந்த டிராஃப்ட்ஸ்மேன் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பழகினார். ஒருநாள் அந்த மனிதர் சீக்கிரம் திரும்பிவிட்டார். அக்கா பதறி எழுந்து நிற்க, அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "படிக்கட்டு நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஏறுறவன் தலை உத்தரத்துல இடிக்கும்" என்றாராம். அங்கேதான் தொடங்கியது. கல்யாணம், மகள், மாமியார் படுக்கையில் விழுந்தது என்று எத்தனையோ வந்தன. அந்த நாற்காலியை மட்டும் அவர் விடவேயில்லை. கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுக்கிறவர். "நீ கோடு போடு, நான் கலர் அடிக்கிறேன்" என்பது அவர்கள் வீட்டுப் பழைய வேடிக்கை.

ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த சமயம். படங்களையெல்லாம் முடித்து, பெரிய தாளில் அச்சடிக்கிற அடுத்த தெருக் கடைக்கு அக்கா அனுப்பிவைத்தார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் போன் செய்தார். பல வருஷப் பழக்கம். அவர் கடையிலுள்ள பெரிய அச்சு இயந்திரத்துக்கு ப்ளாட்டர் என்று பெயர், அதனால் நாங்கள் அவரை ப்ளாட்டர் அண்ணன் என்போம்.

"தங்கச்சி, ஒரு ஷீட் மட்டும் போட்டுட்டு மீதிய நிறுத்தி வச்சிருக்கேன். சுவர் அங்கங்க நூல் மாதிரி விழுது. அளவுக் கோடு சிலது கயிறு மாதிரி விழுது. உங்க படம் இப்படி இருக்காதே?"

"ப்ளாட் ஸ்டைல்ல ஏதோ கோளாறு அண்ணே. புது கம்ப்யூட்டர் மாத்தினாங்கல்ல, அதுல போயிருக்கும். சரி பண்ணி அனுப்பறேன்" என்றார் அக்கா.

அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் கோடுகள் பல நிறத்தில் இருக்கும். தாளில் எல்லாம் கறுப்புதான். எந்த நிறக் கோடு எவ்வளவு தடிமனாக விழவேண்டும் என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்கிற சின்னக் கோப்புதான் ப்ளாட் ஸ்டைல். எங்கள் அலுவலக வழக்கப்படி மஞ்சள் என்றால் சுவர், தடிமனாக விழும். வெள்ளை என்றால் நீள அகலத்தைக் குறிக்கிற அளவுக் கோடு, மெல்லியதாக விழும். கொத்தனார் தாளில் தடிமனைப் பார்த்துத்தான் சுவர் எது என்று தெரிந்துகொள்வார். அது மாறினால் வேலையே மாறிப்போகும்.

அக்கா கோப்பைத் திறந்து பார்த்தார். மஞ்சளுக்கு நேரே சரியான தடிமன், வெள்ளைக்கு நேரே சரியான தடிமன். கடையில் வேறு கோப்பைப் போட்டு அடிக்கிறார்களோ என்று எங்கள் கோப்பையே அனுப்பினார். அதே மாதிரிதான் வந்தது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைத் தேடி எடுத்துப் போட்டார். மாற்றமில்லை. கடைசியில் கோப்பையே அழித்துவிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தடிமனைப் புதிதாகக் கொடுத்து இன்னொன்று உருவாக்கினார். ப்ளாட்டர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் அடித்துப் பார்த்து, "அப்படியேதான் இருக்கு தங்கச்சி" என்றார். காலை முழுக்க இப்படியே போனது. அக்கா வாங்கிய டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

பிறகு அண்ணனே ஒரு யோசனை சொன்னார். "இந்தப் படத்த விடுங்க. வெறும் தாள்ல ஒவ்வொரு கலருக்கும் ஒரு கோடு போட்டு, பக்கத்துல கலர் பேர எழுதி அனுப்புங்க. பாத்துடுவோம்."

அக்கா பட்டியலில் நிறத்தின் பெயரைப் படித்துப் படித்துத் தேர்ந்தெடுத்து, கோடுகளை வரிசையாகப் போட்டு அனுப்பினார். கச்சிதமாக வந்தது. மஞ்சள் என்று எழுதிய கோடு தடிமன். வெள்ளை என்று எழுதியது மெல்லியது. கோப்பில் ஒரு குற்றமும் இல்லை. அப்படியானால் கோளாறு படத்தில்தான்.

பள்ளிக்கூடப் படத்தைத் திறந்து, நூலாக விழுந்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துப் பெட்டியில் 'வெள்ளை' என்று காட்டியது. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பின் மேசைக்குத் திரும்பினார். அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னொரு டிராஃப்ட்ஸ்மேன். அதிகம் பேசாதவர், அக்கா அவரைத் தம்பி என்பார்.

"தம்பி, என் படத்துல கை வச்சீங்களா?"

"இல்லக்கா. நான் திறக்கவே இல்ல."

"திறக்காம சுவர் எப்படி வெள்ளையாச்சு? பேய் வந்து மாத்துச்சா?"

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றலாம் என்று எழுந்துபோய் அக்காவின் திரையைப் பார்த்தேன்.

"பாருங்கக்கா, இந்தச் சுவர்ல பாதி மஞ்சளா இருக்கு. இங்கேர்ந்து வெள்ளையா ஆயிடுச்சு" என்றேன்.

"எங்கேர்ந்து?"

விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

அவர் வேலை செய்கிற முறை எனக்குத் தெரியும். புதுக் கோடு போட்டதும், பக்கத்தில் இருக்கிற ஒரு சுவர்க் கோட்டைத் தொட்டு, அதன் நிறத்தைப் புதுக் கோட்டுக்கு ஒட்டவைப்பார். பெயரைப் படிக்கமாட்டார், கண் பார்க்கும், கை செய்துவிடும். சுவர் என்று நினைத்து அளவுக் கோட்டையும், அளவுக் கோடு என்று நினைத்துச் சுவரையும் தொட்டிருக்கிறார். திரைதான் கெட்டுவிட்டதோ என்று என் திரையிலும் திறந்து பார்த்தோம். அங்கேயும் அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குள் ப்ளாட்டர் அண்ணனே அடித்த தாள்களைச் சுருட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் மாமனார் இப்படித்தான், ட்யூப்லைட் மங்கலா எரியுதுன்னு மாத்திக்கிட்டே இருந்தார். எலக்ட்ரீஷியன சண்டைக்கு இழுத்தார். கடைசியில பாத்தா கண்ணுல புரை. பயப்படாதீங்க தங்கச்சி, கழுவிவிட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் கடையின் நிற அட்டையை விரித்தார். தந்த நிறம், பாலேட்டு நிறம், தூய வெள்ளை எல்லாம் அக்காவுக்கு ஒரே நிறமாகத் தெரிந்தன. "போன மாசம் ஹால்ல வெள்ளை அடிச்சப்ப, ஏன் மங்கின கலரா வாங்கிட்டு வந்தீங்கன்னு என்னத் திட்டினியே" என்று கணவர் சிரிக்கப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ணு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதுவிட்டாராம். கணவர் அட்டையை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார். கண்ணின் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சளேறுவதால் வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும், பார்க்கிறவருக்கே அது தெரியாது என்று விளக்கினார். அலுவலகத்தை நடத்துகிற பொறியாளரிடம் விடுப்புக் கேட்கப் போனபோது, வேலை போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம். பொறியாளர் கேட்ட ஒரே கேள்வி, "கூட இருக்க ஆள் இருக்காங்களா?" என்பதுதான். "போயிட்டு வாங்கம்மா. உங்க சேர் எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

பள்ளிக்கூடப் படத்தைப் பின் மேசைத் தம்பி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்துத் திருத்தினார். அதோடு நிற்காமல், அக்கா சமீபத்தில் வரைந்த மற்றப் படங்களையும் திறந்து பார்த்தார். யாரும் சொல்லி அல்ல. நல்லவேளையாக அவற்றில் பெரிய தவறு எதுவும் இல்லை. விடுப்பில் போகும் முன் அக்கா அவர் மேசைக்குப் போய், "அன்னைக்கு வாய்க்கு வந்தத பேசிட்டேன். மன்னிச்சிருங்க தம்பி" என்றார்.

"விடுங்கக்கா. வீட்ல இதவிட ஜாஸ்தி வாங்குறேன்" என்றார் அவர். அவர் வேடிக்கையாகப் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை.

முதலில் ஒரு கண்ணுக்கு அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் அக்கா எனக்குப் போன் செய்தார். "ஆபரேஷன் பண்ண கண்ண மூடினா தலையணை உறை டீ கொட்டின மாதிரி இருக்கு. பழைய கண்ண மூடினா வெள்ளைவெளேர்னு இருக்கு. இவ்வளவு நாளா நான் டீக்குள்ளயே இருந்திருக்கேன்டீ!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். ஹால் சுவருக்காகக் கணவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்றாம். "பழைய கண்ணுலயும் பாத்துக்கோ, அப்பத்தான் நான் பட்டது புரியும்" என்றாராம் அவர்.

அடுத்த கண்ணும் ஆனபிறகு வேலைக்குத் திரும்பினார். வந்த அன்றைக்கே நேரே ப்ளாட்டர் அண்ணன் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நீங்க நிறுத்தி, கலர் கோடு போட்டுப் பாக்கச் சொல்லலேன்னா நான் இன்னும் அந்த ப்ளாட் ஸ்டைலத்தான் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன். உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணே" என்றார் அக்கா.

அண்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது. தாளைச் சரிசெய்வது போல இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் என்ன பெருசா பண்ணேன்? உங்க படம்னா எப்படி இருக்கும்னு தெரியும். அப்படி இல்லையேன்னு நிறுத்துனேன்."

"அதத்தான் சொல்றேன்" என்றார் அக்கா.

சில மாதம் கழித்துத் தம்பியின் மனைவிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. அவர் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். அந்த நாட்கள் முழுவதும் அவருடைய படங்களையும் அக்காதான் போட்டார். தம்பி போன் செய்து வேலையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், "இங்க எதுவும் நிக்கல. குழந்தை என்ன எடை ஏறிச்சு, அதச் சொல்லுங்க" என்பார். எடை ஏறியது என்று பதில் வந்த அன்று, அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி எங்களுக்கு உரக்கச் சொல்லிவிட்டு, மறுபடி தம்பியின் படத்தைத் திறந்து உட்கார்ந்தார்.