சவிரிமுத்து அண்ணை ஏற்றிக் கொடுக்காத மெழுகுதிரி

செய்தி வந்தபோது ரூஜ் பக்கத்து நூலகத்தின் சிறிய அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம்: அஜக்ஸிலிருந்து வரும் பிலோமினா அக்கா, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற செல்வம் அண்ணை, அவருடைய மகள் ஷெரின், நான். ஐந்தாவது கதிரை சவிரிமுத்து அண்ணைக்காகப் போட்டிருந்தது. அவர் மனைவி றீற்றா அக்கா செல்வம் அண்ணைக்குப் போன் எடுத்தார். "அவர் இனி வரமாட்டார், தம்பி" என்றாராம். புத்தகங்களை மூடிவிட்டுச் செபமாலை சொன்னோம். போகும்போது அந்தக் கதிரையை மடித்துவைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

நம் கோயில் பங்கின் தமிழ் ஒன்றியத்துக்கு அவர் தலைவராக இருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அவர் வியாழக்கிழமை வாசிப்பு வட்டத்தின் ஆள். நாம் வந்து குடியேறிய இந்த நாட்டுக்குத் தெற்கே உள்ள பக்கத்து நாட்டின் சரித்திரத்தைச் சனாதிபதி சனாதிபதியாக வாசித்து வந்தோம். அகராதியைச் சமையலறை மேசையில் வைத்து ஆங்கிலம் படித்த என்னையும் அவர்தான் கூப்பிட்டுச் சேர்த்தார். வட்டத்துக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: யாருக்கு ஒரு சனாதிபதியைப் பிடிக்கவில்லையோ, அவர்தான் அன்றைக்கு அந்த மனிதருக்காகப் பேச வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது சனாதிபதிக்கு வந்தோம். அரசாங்கத்தைத் திட்டி எழுதிய பத்திரிகைக்காரரைச் சிறையில் போட வழிசெய்த சட்டத்தில் கையெழுத்து வைத்தவர். வந்து குடியேறியவர்கள் குடியுரிமைக்குப் பதினான்கு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற சட்டத்திலும் வைத்தவர்.

"உந்தச் சட்டம் எங்கட ஒன்றியத்தில இருந்திருந்தா, வாட்ஸ்அப் குறூப்பில இருக்கிற எல்லாரும் உள்ளுக்கைதான்" என்றார் செல்வம் அண்ணை.

"முதல் ஆள் நீதான்ரா" என்று சவிரிமுத்து அண்ணை சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடியுரிமைப் பேப்பர் கிடைக்கும்வரை தபால்காரனைப் பார்த்துப் பார்த்து இருந்தவள் நான். "பதினாலு வருசம் காத்திருக்கச் சொன்ன மனுசனுக்கு நான் வாய் திறக்கமாட்டன், அண்ணை."

"அப்ப நீர்தான் பேசோணும், தங்கச்சி. பிடிச்ச ஆளுக்கு வக்கீல் எதுக்கு?"

என்னுடையது கணக்கு எழுதிப் பழகிய கை. தாளில் நடுவே கோடு போட்டு நல்லதை ஒரு பக்கம், கெட்டதை மறுபக்கம் எழுதினேன். சவிரிமுத்து அண்ணை எட்டிப் பார்த்தார். "மனுசரைக் கூட்டிக் கழிக்க வெளிக்கிட்டா, கடைசியில ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்."

ஆனாலும் பேசினேன். சொந்தக் கட்சியே போருக்குத் துடித்தபோது, தன் மந்திரிகளைக்கூடக் கேட்காமல் பிரான்சுக்குச் சமாதானத் தூது அனுப்பிய மனிதர் அவர். கட்சி உடைந்தது, தேர்தலில் தோற்றார். பேசிக்கொண்டு போகையில்தான் எனக்கு உறைத்தது. நம் ஒன்றியத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அஜக்ஸ்காரர் பிரிந்து தனி ஒன்றியம் தொடங்கியபோது, கமிற்றியைக் கேட்காமல் அவர்களிடம் சமாதானம் பேச ஆள் அனுப்பியவர் சவிரிமுத்து அண்ணை. அதற்காகத்தான் நாம் அவரை வாக்குப்போட்டு இறக்கினோம்.

பிறகு புத்தகத்தில் அந்த இடம் வந்தது. புதியவர் பதவியேற்கும் நாளில், விடியுமுன்பே, பழைய சனாதிபதி வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். நம் ஒன்றியத்தில் தலைவர் மாறும் நாளில், பழைய தலைவர் மெழுகுதிரி ஏற்றிப் புதியவர் கையில் கொடுப்பது வழக்கம். தன் முறை வந்தபோது சவிரிமுத்து அண்ணை வரவில்லை. மண்டபக் கதவு பூட்டும் திறப்பை மட்டும் றீற்றா அக்காவிடம் கொடுத்தனுப்பினார். புதிய தலைவர் பாக்கியநாதன் அண்ணை ஏற்றாத திரியோடு எல்லோர் முன்னாலும் நின்றார். கடைசியில் பங்குச் சுவாமிதான் ஏற்றினார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"இதுக்கு என்னால வாதாட ஏலாது, அண்ணை" என்றேன்.

"ஏலாதுதான். போயிருக்கவேணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மற்றவன் என்ன பாவம் செய்தவன்? அண்டைக்கு அவன்ர நாள்."

சனாதிபதிகள் இருவரையும் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நண்பர் சேர்த்துவைத்தார் என்றும், சாகும்வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்றும் அடுத்த வாரம் வாசித்தோம். "பாஸ்குத் திருநாள் முடியட்டும், நான் பாக்கியநாதனுக்குப் போன் எடுக்கிறன்" என்றார் சவிரிமுத்து அண்ணை. பாஸ்கு வருமுன் அவர் போய்விட்டார்.

அடக்க நாளிலும் நமக்குப் புத்தி வரவில்லை. இரண்டு ஒன்றியத்துக்கும் இரண்டு மலர்வளையம். எது முன்னால் என்று கோயில் வாசலில் ஒரு வாக்குவாதம். எனக்குக் களைத்துப்போய்விட்டது. ஒரே பூங்காவில், ஒரே நாளில் இரண்டு ஒன்றுகூடல் வைக்கிற சனம் நாம். ஆனால் கார் நிறுத்துமிடத்தில் பாக்கியநாதன் அண்ணையைக் கண்டேன். உள்ளே வராமல், கண்ணாடியைப் பனி மூட விட்டுக் காருக்குள் இருந்தார். பிரேத வண்டி வெளிக்கிட்டபோது இறங்கித் தொப்பியைக் கழற்றினார். அது போய் மறையும்வரை அப்படியே பனியில் நின்றார்.

சவிரிமுத்து அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சட்டத்தைத்தான். முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்ததும் அவரைப் பற்றி ஒருவர் பேச வேண்டும். என்னைக் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அண்ணையின் சட்டப்படி பேச வேண்டியவர் வேறொருவர்; அதில் றீற்றா அக்காவுக்கும் சம்மதம்.

பாக்கியநாதன் அண்ணை, நீங்கள் வந்து பேசுவீர்களா? மெழுகுதிரியை அக்கா ஏற்றித் தருவார். இந்த ஞாயிறு பூசைக்கு முன் ஓம் அல்லது இல்லை என்று எனக்கொரு பதில் சொல்லுங்கள்.