மைக் இல்லாத கூட்டமும் பிரிட்டாவின் குரலும்

போன வியாழக்கிழமை காலை ஸ்டாக்ஹோமிலிருந்து பிரிட்டாவின் மகள் லேனா கூப்பிட்டாள். "அத்தை, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்து பத்து வயதுவரை இங்கே வளர்ந்தவள். அவளுடைய தமிழ் இன்னும் அப்படியே இருக்கிறது.

பிரிட்டாவை டாக்டர் வீட்டு அம்மாவாகவே உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்வீடனில் அவர் ஆப்பெரா பாடகி; கதை முழுவதையும் பாடியே நடிக்கிற மேடை அது. கதாநாயகியாகப் பெயர் வாங்கியிருந்த வேளையில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து, உச்சக்குரல் போய்விட்டது. டாக்டரான கணவருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டார். நான் அங்கே நர்ஸ். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "பாட்டெல்லாம் ஸ்வீடன்லயே முடிஞ்சுபோச்சு" என்பார். தாலாட்டுகூட அவர் பாடிக் கேட்டதில்லை.

அது கூலிப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். நடவுப் பெண்களுக்காகப் பேசுகிற அஞ்சலை, கத்திக் கத்தித் தொண்டை கட்டி எங்களிடம் வந்தார். அடுத்த கூட்டத்துக்கு மைக் வைக்க போலீஸ் அனுமதி தரவில்லை.

"பின்னாடி நிக்கிறவங்களுக்கு எப்படிங்க கேக்கும்? கேக்கலைன்னா கலைஞ்சு போயிடுவாங்க. மறுநாளே நிலக்காரங்க பழைய கூலிக்கு வயல்ல எறக்கிடுவாங்க."

லேனாவுக்கு மருந்து வாங்க வந்திருந்த பிரிட்டா திரும்பிப் பார்த்தார். "நாங்க யாரும் மைக் வச்சுப் பாடுறதில்லை." அஞ்சலையின் விலாவில் கை வைத்தார். "மூச்சு இங்கேருந்து வரணும். கழுத்து சும்மா இருக்கட்டும்."

"நீங்க செஞ்சு காட்டுங்கம்மா" என்றார் அஞ்சலை.

பிரிட்டா வெகுநேரம் தயங்கினார். பிறகு பாடினார். கனத்த, தாழ்ந்த குரல். வேப்பமரத்தடியில் காத்திருந்த நோயாளிகள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்களைவிட அதிகமாகத் திகைத்தவர் பிரிட்டாதான். "இது யாரோட குரல்?" என்று என்னைக் கேட்டார்.

போராட்டத்தில் தலையிட்டால் விசாவை ரத்து செய்துவிடுவார்கள் என்று கணவர் பயந்தார். "மூச்சு விடக் கத்துக்குடுக்கறதுக்குமா?" என்று பிரிட்டா அவரிடம் சொல்லிவிட்டு, தினமும் மத்தியானம் அஞ்சலையைப் பேசவைத்துப் பழக்கினார். கூட்டத்துக்கு மட்டும் போகவில்லை. நான் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அஞ்சலை பேசியதில் ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. பெண்கள் கலையவில்லை, யாரும் வயலில் இறங்கவும் இல்லை. நடவுக் காலம் முடியும் முன்பே நிலக்காரர்கள் பேச உட்கார்ந்தார்கள். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் கூலி உயர்ந்தது.

அந்த மத்தியானங்களில் பிரிட்டாவும் பாடிப் பழகினார். ஊர் திரும்பியதும் அந்தத் தாழ்ந்த குரலோடு மறுபடி மேடை ஏறினார். கச்சேரிகளும் வந்தன. எழுபது வயதுவரை பாடினார்.

ஒருமுறை தொலைபேசியில், "இப்பல்லாம் என்ன வேஷம்?" என்று கேட்டேன்.

"இந்தத் தாழ்ந்த குரலுக்கு எல்லாம் அம்மா வேஷந்தான். கதாநாயகி கடைசியில செத்துப்போயிடுவா. அம்மா உயிரோட இருப்பா. பாட நெறைய இருக்கும்!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கும்வரை சிரித்தார். ஒன்றை இழந்தவரின் சிரிப்பாக அது இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பைத்தான்.